பஸ் வீட்டுக்காரர்

உரும்பிராயில் எங்கள் வளவுக்குப் பக்கத்து வெறுங்காணியில் அவர் தன் பழைய பஸ்ஸை நிறுத்தியிருந்தார். உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து அதையே வீடாக்கியிருந்தார். மெலிந்த மனிதர். நகக்கண்ணில் எப்போதும் கிறீஸ் இருக்கும். பஸ்ஸைப் பழுதுபார்க்கும்போது கைத்தொலைபேசியை எதிரே நிறுத்தி, அதோடு கதைத்துக்கொண்டே வேலை செய்வார். அப்படி எடுத்து அவர் இணையத்தில் போடும் வீடியோக்களைப் பலர் பார்த்தார்கள்.

ஒருநாள் உடுப்பிட்டிக்குப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்ட நேரம். வழியில் அவர் பிரேக்கை மிதித்தார், பஸ் நிற்கவில்லை. முன்னால் சைக்கிள்களில் பிள்ளைகள். கியரைக் குறைத்து, பஸ்ஸை ஒடித்து, ஒரு வெங்காயத் தோட்டத்துக்குள் இறக்கினார். மண்ணில் புதைந்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை.

கீழே குனிந்து பார்த்தால், அவரே பொருத்திய பிரேக் குழாய் கழன்று கிடந்தது.

"கடவுள் காப்பாற்றிப்போட்டார் அண்ணை," என்றேன்.

"எங்களை, ஓம். இந்தக் குழாய் பூட்டிறதை நான் வீடியோவாப் போட்டனான். அதைப் பார்த்துச் செய்தவை இப்ப எங்கை வாகனம் ஓடுகினமோ?"

அவர் கைத்தொலைபேசியை எடுத்தார். தோட்டத்திலேயே இருந்து, தன் பிழையைச் சொல்லிப் புது வீடியோ போட்டார். பழையதின் கீழே, 'நானும் இப்படியே செய்தேன்' என்று எழுதியிருந்த எல்லோருக்கும், 'வாகனத்தை எடுக்காதேங்கோ' என்று பதில் எழுதினார். ஒருவரைத் தவிர எல்லோரும் மறுமொழி போட்டார்கள். அந்த ஒருவர், பிள்ளைகளோடு பயணம் புறப்படுவதாக எழுதியிருந்தவர்.

மறுவாரம் பஸ்காரர் காணியை விட்டுப் போய்விட்டார். அந்த மறுமொழி வந்ததா என்று எனக்குத் தெரியாது. வீதியில் பழைய பஸ் எது வந்தாலும், அது நிற்கும்வரை நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.