பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் ஒரு மைக்

சபையில் யாராவது சாட்சி சொல்ல எழுந்தால் நான் முதலில் அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஜோடனை என்று மனதுக்குள் எடை போடுவேன். என் சுபாவம் அப்படி. ஆகவே என் சாட்சியையும் நீங்கள் சந்தேகத்தோடு வாசித்தால் எனக்குக் கோபம் வராது. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

என் பெயர் எஸ்தர். குளுவாங்கில் ஒரு தாமான் வீட்டுக் குடியிருப்பில் இருக்கிறோம். என் கணவர் தேவராஜ் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். ஒரே மகள் ஷெரின். அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது என் காது மங்க ஆரம்பித்தது. அவள் ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் இரண்டு காதும் சுத்தமாகப் போய்விட்டது. காது மெஷின் வைத்தும் பயனில்லை. ஏன் போனது என்று எந்த டாக்டராலும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. தெரிந்தும் மறைக்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

காது போனவர்களுக்கு ஒரு வார்த்தை நன்றாகத் தெரியும். 'ஒண்ணுமில்ல.' எல்லோரும் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால் கையை ஆட்டி, ஒண்ணுமில்ல என்பார்கள். என் கணவருக்கு அடர்ந்த மீசை. அவர் உதட்டைப் பார்த்து எதையும் படிக்க முடியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் மீசைக்குள்ளும் கண்டுபிடித்துவிடுவேன்.

ஷெரின்தான் எனக்குக் காதாக இருந்தாள். கிளினிக், பள்ளிக்கூடம், போன், எல்லாவற்றுக்கும் அவள்தான். அவள் அப்பா எதையாவது தாளில் எழுதிக் காட்டினால்கூட நான் அதை எடுத்துக்கொண்டு அவளிடம் போவேன். "உண்மையா?" என்று கேட்பேன். அவள் தலையாட்டினால்தான் எனக்கு நிம்மதி. பள்ளிக்கூடப் பிள்ளை மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றுகிறேன் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

என் கணவரின் அக்கா ரூத் அண்ணி, பக்கத்து ஊரான ரெங்கத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் வருவார். அக்காவும் தம்பியும் சமையலறையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருமுறை இருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும். அண்ணி சட்டென்று வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பிப்பார். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. எதை என்பதுதான் தெரியவில்லை.

இப்படியே வருஷங்கள் போனபின், காதுக்குள் கோக்ளியர் இம்பிளாண்ட் என்ற கருவியைப் பொருத்தலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சபை முழுக்க என் சுகத்துக்காக உபவாசம் இருந்தது. பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபித்தார். இப்போது உண்மையைச் சொல்கிறேன். எல்லோரும் என் சுகத்துக்காக ஜெபித்தபோது, நான் மட்டும் உளவு பார்க்க ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்குப் பாட்டுக் கேட்க வேண்டாம், பறவைச் சத்தம் கேட்க வேண்டாம். அந்தச் சமையலறையில் என்ன பேசுகிறார்கள் என்று ஒரே ஒரு தடவை என் காதால் கேட்க வேண்டும்." இதுதான் என் ஜெபம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காயம் ஆறியதும் வெளிக்கருவியைக் காதுக்குப் பின்னால் மாட்டி, அதிலிருந்து வரும் வட்டமான காந்தத்தைத் தலையில் ஒட்டி, ஓடவிட்டார்கள். நான் அழுதேன். பார்த்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள். இல்லை. அங்கிருந்த நர்ஸ் பேசியது தகரத்தைத் தரையில் இழுப்பது போல இருந்தது. என் கணவர் ஏதோ சொன்னார். அதற்கும் நாற்காலி நகர்ந்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதற்காகவா மண்டையைத் துளைத்தார்கள் என்று ஆத்திரம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பாஸ்டர், "நம்ம சிஸ்டருக்குக் கர்த்தர் காதைத் திறந்துவிட்டார்" என்று அறிவித்துவிட்டார். சபை கை தட்டியது. கருங்கல் ஜல்லியைத் தகரக் கூரையில் கொட்டியது போல இருந்தது. நான் மெதுவாகக் காந்தத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன். சாட்சி சொல்லச் சொன்னார்கள். தலைவலி என்று தப்பித்தேன்.

தினமும் பயிற்சி செய்தால்தான் மூளை பழகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் ஒருவர் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு வார்த்தைகளை வாசிக்க வேண்டும். உதட்டைப் பார்க்காமல் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாள் என் கணவர்தான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷம் மீசைக்குள் மறைத்தது போதாதென்று இப்போது பேப்பர் வேறா? எழுந்து போய்விட்டேன். அதற்குப் பிறகு ஷெரினோடு மட்டும்தான் பயிற்சி. நாலைந்து மாதத்தில் தகரச் சத்தம் குறைந்து ஷெரினின் குரல் ஷெரின் குரலாகவே கேட்டது. என் கணவர் குரல் மட்டும் தகரமாகவே நின்றது. அது நானே தேடிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டோர் ரூமில் பெட்டியைப் பார்த்தேன். புத்தம் புதுப் பெரிய பயணப் பெட்டி. துணியைப் போட்டு மூடி, பழைய காற்றாடிக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தது. என் கணவரிடம் கேட்டேன். அவர் முகம் மாறியது. "ஒண்ணுமில்ல. அக்காவோடது," என்றார்.

மனுஷர் எங்கேயோ கிளம்பத் தயாராகிறார். சிங்கப்பூரில் பஸ் ஓட்டப் போய்விட்டு அப்படியே இருந்துவிடுவார். என்னை ரெங்கத்தில் அண்ணியிடம் தள்ளிவிடுவார்கள். சனிக்கிழமைப் பேச்செல்லாம் இதுதான். பொந்தியானில் இருக்கும் என் அண்ணனுக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதினேன். ரூம் ரெடி, எப்போது வேண்டுமானாலும் வா என்று பதில் வந்தது. நானும் ஒரு பை கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஆனால் என் காதால் கேட்காமல் குடும்பத்தை உடைக்க மனம் வரவில்லை. "ஆண்டவரே, நான் கேட்டதைக் கொடும். கொடுக்காவிட்டால் உம்மையும் நம்ப மாட்டேன்" என்றுகூடச் சொன்னேன்.

வழி எங்கிருந்து வந்தது தெரியுமா? பாஸ்டரிடமிருந்து.

கருவியோடு கட்டைவிரல் அளவில் ஒரு மைக் கொடுத்திருந்தார்கள். பேசுகிறவர் சட்டையில் மாட்டிவிட்டால் அவர் குரல் நேராக என் காதுக்கு வரும். ஞாயிறுதோறும் பாஸ்டர் அதை மாட்டிக்கொண்டு பிரசங்கம் செய்வார். ஒருநாள் ஆராதனை முடிந்ததும் கழற்ற மறந்து பின் அறைக்குப் போய்விட்டார். நான் கடைசி பெஞ்சில் இருக்கிறேன். காதுக்குள் அவர் குரல் கேட்கிறது. "அலமாக், இன்னிக்கும் மீஹூன்தானா? போன வாரமும் மீஹூன்தான்லா!"

அன்றைக்குச் சபைச் சாப்பாட்டுக்கு மீஹூன் என்ற அரிசிச் சேமியாவைப் பிரட்டியது நான்தான். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. வேறொரு யோசனை வந்தது. ஆண்டவரே வழி காட்டிவிட்டார் என்று துள்ளினேன்.

அடுத்த சனிக்கிழமை அண்ணி வருவதற்கு முன்னாலேயே மைக்கை ஓடவிட்டு, சமையலறை அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் வைத்தேன். தலைவலி என்று சொல்லி அறையில் போய்ப் படுத்துக்கொண்டேன். குழாய்த் தண்ணீர், கத்திச் சத்தம், பிரிட்ஜின் உறுமல். பேச்சு எல்லாம் அதில் கரைந்து போனது. ஒன்றும் தேறவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமையும் வைத்தேன். அன்று குழாய் மூடியிருந்தது. முதலில் கேட்டது அண்ணியின் குரல்.

"பெட்டியும் வாங்கியாச்சி. இன்னும் எத்தன நாளைக்கு அவகிட்ட மறைக்கிறது, தேவா?"

என் கணவர் ஏதோ சொன்னார், தகரமாக. 'தாங்கமாட்டா' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. என் கை தானாகக் கட்டிலுக்கு அடியில் பையைத் தேடியது. அப்போது மூன்றாவதாக ஒரு குரல். ஷெரின்! அவளும் கூட்டா?

"நான் போகலன்னு சொல்லிட்டேன்லா, அத்த. திரும்பத் திரும்பக் கேக்காதீங்க."

"டீச்சராவணும்னு சின்னதுலருந்து சொன்ன புள்ள நீ. பினாங்கு காலேஜ்ல எடம் கெடச்சிருக்கு. திங்கக்கெழமைக்குள்ள பதில் போடலன்னா வேற ஆளுக்குப் போயிரும்மா."

"போவட்டும். நான் போயிட்டா அம்மாவுக்கு யாரு?"

"அப்பா இருக்காருல்ல?"

"அம்மா அப்பாவ நம்பமாட்டாங்க அத்த. அப்பா என்ன சொன்னாலும் என்கிட்ட வந்து உண்மையான்னு கேப்பாங்க. நான் இல்லன்னா யார்கிட்டப் போய்க் கேப்பாங்க?"

பிரிட்ஜ் மட்டும் உறுமியது. பிறகு என் கணவர் பேசினார். நிறுத்தி நிறுத்திப் பேசியதாலோ என்னவோ, அந்த ஒன்று மட்டும் முழுசாகக் கேட்டது.

"என் மேலயும் தப்பு இருக்கு. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லியே பழகிட்டேன். அவ எப்படி நம்புவா?"

நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. கேட்டபடியே, என் காதாலேயே. யாரும் என்னை விட்டுப் போகத் திட்டம் போடவில்லை. என் பிள்ளைதான் தன் ஆசையை எனக்காகப் புதைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பூட்டி வைத்திருந்தது என் சந்தேகம். கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு, வாயைத் தலையணையில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். வழக்கம் போல எல்லோரும் கப்சிப். அண்ணி வெங்காயத்தை எடுத்தார். நான் நேராக அலமாரிக்குப் போய், டின்னைத் தள்ளி, மைக்கை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"ம்மா! எல்லாத்தையும் கேட்டீங்களா?" ஷெரின் எழுந்துவிட்டாள்.

"கேட்டேன். எனக்குத்தான் வெக்கமா இருக்கு. நீ போனை எடு. வரேன்னு பதில் போடு. இப்பவே, என் கண்ணு முன்னாடி."

"நீங்க எப்படிம்மா..."

"அப்பாவ நான் பாத்துக்கிறேன். என்னய அப்பா பாத்துப்பாரு. போடு."

அவள் அழுதுகொண்டே போனைத் தட்டினாள். பினாங்குக்காக வாங்கிய பெட்டியை அண்ணியே ஸ்டோர் ரூமிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார். என் பையைப் பற்றி அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. பிறகு என் கணவரிடம் மட்டும் சொன்னேன்.

இத்தோடு முடித்தால் அழகான சாட்சி. ஆனால் மறுநாள் சபைக்குக் காரில் போகும்போது, ஓட்டிக்கொண்டே என் கணவர் சொன்னார்.

"அந்த மைக்குல பச்ச லைட்டு மினுக்குச்சி. போன வாரமே பாத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் நான் கேட்கிறேன் என்று தெரிந்தேதான் பேசினார்களா? எனக்காகவே ஒத்திகை பார்த்துப் பேசிய நாடகமா?

"அக்காவுக்கும் தெரியுமா?"

"அவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. நான்தான் எடுக்காம விட்டேன். கேக்கட்டும்னு."

இது நிஜமா, பொய்யா? ஷெரின் பின் சீட்டில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். பழக்க தோஷத்தில் என் கழுத்து பாதி திரும்பிவிட்டது. 'உண்மையா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆண்டவரே என்றேன் உள்ளுக்குள். அவ்வளவுதான் என் ஜெபம். கழுத்தைத் திருப்பி மறுபடியும் ரோட்டைப் பார்த்தேன்.

"சரிங்க," என்றேன்.

அவர் சிக்னலில் கார் நின்றபோது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை காது திறந்தது ஒரு அற்புதம் என்றால், அந்தக் கழுத்து பாதியில் நின்றது அதைவிடப் பெரிய அற்புதம்.

ஷெரின் இப்போது பினாங்கில் படிக்கிறாள். முதல் வாரம் போனில் கூப்பிட்டாள். நான்தான் எடுத்தேன், யாரும் இடையில் இல்லாமல். பாதி புரிந்தது, பாதி அவள் இரண்டு தரம் சொன்னாள். எனக்கு இப்போது பயிற்சி கொடுப்பவர் என் கணவர். சாமான் பட்டியலால் வாயை மூடிக்கொண்டு, கொத்தமல்லி, சீரகம், மீஹூன் என்று வாசிக்கிறார். தகரம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. அவர் குரல் நான் நினைவில் வைத்திருந்ததைவிட மெல்லியது.

குணம் முழுசாக மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். போன மாதம்கூட டாக்டர் கருவியில் எதையோ மாற்றியபோது அவரை முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இதை வாசிக்கிற உங்களிலும் என்னைப் போல ஆட்கள் இருப்பார்கள். வீட்டையும் நம்ப முடியாமல், ஜெபத்தையும் நம்ப முடியாமல் இருப்பீர்கள். முதலில் நம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தச் சந்தேகத்தோடேயே ஆண்டவரிடம் போங்கள். உளவு பார்க்க வரம் கேட்டவளையே அவர் தள்ளிவிடவில்லை. உங்களையும் தள்ளமாட்டார்.

இதை ஒரு சனிக்கிழமை மதியம் எழுதுகிறேன். ரூத் அண்ணி வந்திருக்கிறார். சமையலறையில் அவரும் தம்பியும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசுகிறார்கள், நடுவில் என் பெயர்கூடக் கேட்டது. எனக்குத் தூக்கம் வருகிறது. காந்தத்தைக் கழற்றி, கருவியை அதன் டப்பாவில் வைக்கப் போகிறேன். வைத்துவிட்டால் எனக்கு ஒன்றும் கேட்காது. பேசட்டும்.