சித்தப்பா அளவெடுத்த சீட்

எங்கள் சித்தப்பாவிடம் யோசனைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அவற்றையெல்லாம் எங்கள் வீட்டு வாசலிலேயே செய்து பார்ப்பார் என்பதுதான் தொல்லை. திண்டுக்கல்லில் பீரோ செய்யும் பட்டறை வைத்திருந்தவர், நான் சிறுமியாக இருந்தபோது பீரோவை மறந்துவிட்டு ரேஸ் கார் செய்யக் கிளம்பினார். பழைய எஞ்சின் ஒன்றைப் பின்னால் வைத்து, இரும்புக் குழாய்களால் கூடு கட்டி, நடுவே ஒரே ஒரு சீட். "பொண்டாட்டியக்கூட ஏத்த முடியாத காரு எதுக்குடா?" என்று அப்பா கேட்காத நாளில்லை.

அந்த சீட் ஓட்டுபவருக்கு அச்சாகப் பொருந்த வேண்டுமாம். சீட்டில் விரித்த பிளாஸ்டிக் பைக்குள் நுரைக் கரைசலை ஊற்றி, அது இறுகும்வரை அசையாமல் அதன்மேல் உட்கார வேண்டும். சித்தப்பா உட்கார்ந்தது, தைப்பூசத்துக்கு மாலை போட்டு, ஒருவேளைச் சாப்பாட்டோடு பழனிக்கு நடக்கத் தயாராகிக்கொண்டிருந்த சமயம். ஆள் வற்றலாகக் காய்ந்திருந்தார். இதை அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை. மாலையைக் கழற்றியதும் சொந்தக்காரர் வீட்டுக் கிடாவெட்டுகள் வரிசையாக வந்தன. கூப்பிட்ட வீட்டுக்குப் போகாமலிருக்கிற ரகமில்லை அவர்.

அதற்கப்புறமாவது சீட்டில் உட்கார்ந்து பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குஜிலியம்பாறைப் பக்கம் வற்றிக்கிடந்த குளத்துக்குள் காரை இறக்குவார். "உள்ள இருந்தா எஞ்சின் சத்தம் வெளங்காது. நீ ஓட்டு, நான் நின்னு கேக்குறேன்" என்று சித்தியை ஏற்றிவிடுவார். சித்தி புழுதியைக் கிளப்பிக்கொண்டு சுற்றிச்சுற்றி வருவார். பந்தயம் நடத்துபவர்கள் மாற்று ஓட்டுநர் ஒருவர் வேண்டும் என்றபோதும், பேருக்கு ஒரு ஆள் என்று சித்தியையே பயிற்சிக்கு அனுப்பி லைசென்ஸ் வாங்கிவைத்தார்.

முதல் பந்தயம் கோயம்புத்தூர்ப் பக்கம். குடும்பமே வேனில் போனோம். ஓடுவதற்கு முன் ஒரு சோதனை வைத்தார்கள். ஓட்டுபவர் காரிலிருந்து சட்டென்று வெளியேற வேண்டும், முடியாவிட்டால் கார் ஓடக் கூடாது. சித்தப்பா உள்ளே இறங்கினார், அமுங்கினார், அவ்வளவுதான். இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்து இழுக்க வேண்டியதாயிற்று. "காருல ஒரு குத்தமும் இல்லீங்க" என்றார் சோதித்தவர், சித்தப்பாவின் வயிற்றைப் பார்த்தபடி. எனக்கு மானமே போயிற்று. சித்தப்பாவோ நுரையைச் சுரண்டலாமா, பவுடர் பூசலாமா என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஓட்டுறேங்க" என்றார் சித்தி.

"நீ செத்த நேரம் சும்மா இரு."

சித்தி சும்மா இருக்கவில்லை. சுடிதாருக்கு மேல் சித்தப்பாவின் தொளதொள ரேஸ் உடுப்பை மாட்டிக்கொண்டு, காருக்குள் இறங்கி, ஒரே எட்டில் வெளியே வந்து காட்டினார். சோதித்தவர்கள் சரியென்று தலையசைத்துவிட்டார்கள்.

பீரோ பெயிண்ட் அடித்த எங்கள் கார் எங்கேயும் நின்றுவிடாமல் ஓடி, கடைசிக்கு முந்தியதாக வந்து சேர்ந்தது. சித்தப்பா ஓடிப்போய் எஞ்சின்மேல் காதை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அடுத்த தடவ வவுத்தக் கட்டி எளைச்சிட்டு நானே ஓட்டிருவேன்" என்று சித்தியிடம் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

சித்தி இறங்கவில்லை. வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், சாப்பாட்டுப் பொட்டலம் ஆறுகிறது, இவர் ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்தபடி காலியான தடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பசியில் ஆத்திரமாக வந்தது. வரச்சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"செத்த நேரம் இருந்துட்டு வாரேன் பாப்பா" என்றார். என் இழுப்புக்கு ஆள் அசையவே இல்லை, மற்றக் கை ஸ்டியரிங்கை விடவும் இல்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வேனுக்கு ஓடினேன்.

"அப்பா, சித்தியும் மாட்டிக்கிட்டாங்க. வந்து இழுங்க."