கவனக்குறைவு என்று எழுதப்பட்ட தெய்வானை அக்கா

பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. லோரி ஓட்டும் சின்னையா என் முகத்தைப் பார்க்காமலே, "மாமா, தெய்வானை அக்கா நேத்து தவறிட்டாங்க லா" என்றான். கையிலிருந்த மூட்டை நழுவி என் காலில் விழுந்தது. மலையே உருண்டு வந்தாலும் அசையாத கால் என்று நான் ஊரெல்லாம் அளந்துவைத்திருந்த கால் அது. வலி தெரியவில்லை. கோபம்தான் வந்தது.

அடுத்த நாள் அந்தக் கோபம் இன்னும் இரண்டு மடங்கு ஏறியது. சாவு வீட்டுக்கு எஸ்டேட் ஆபீசிலிருந்து கணக்கெழுதும் கிராணி மாலையோடு வந்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அமைதியே உருவானவர், யார் மனத்தையும் புண்படுத்தாதவர்" என்று பேசினார். யாரைப் பற்றி ஐயா பேசுகிறீர்? தெய்வானை அக்கா புண்படுத்தாத மனம் இந்த மலையில் ஒன்றுகூட இல்லை. மூன்று துரைமார்களும், வேலை வாங்கும் ஏழு மண்டோர்களும் அவர் வாய்க்குப் பயந்து வேறு பாதையில் போனதை நான் பார்த்திருக்கிறேன். துரை வீட்டு நாய்கூட அவரைக் கண்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு மலாய்க்கார டிரைவரின் பின்னால் ஒளியும். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அங்கே நின்றீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் நடந்தது இது. எங்கள் எஸ்டேட்டின் மேல் மலையில், ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே வெள்ளைக்காரன் தோண்டிப் பார்த்துக் கைவிட்ட சுரங்கம் ஒன்று உண்டு. அதன் வாயில் பெரணி மண்டிக் கிடக்கும். அதைச் சுற்றித் தங்கமும் செம்பும் இன்னும் இருக்கலாம் என்று ஒரு சர்வே கூட்டம் வந்து இறங்கியது. குழி தோண்ட ஆள் கேட்டார்கள். கவாத்துக் கத்தியைக் கடாசிவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றவன் நான். ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள், மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். அந்தத் தொப்பியைத் தலையில் வைத்ததும் பகாங் சுல்தானே வழிவிட்டு நிற்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் தோண்டிய குழிக்குள் காதை வைத்தால் ஆதிசேஷன் கொட்டாவி விடுவது கேட்கும் என்று லயத்து வீடெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மையில் மார்பளவு ஆழம். அவ்வளவுதான்.

சுரங்க வாயிலிருந்து தேயிலை நிரைகளின் ஊடே நேர்கோடாக இறங்கவேண்டும். ஐம்பது அடிக்கு ஒரு குழி. மேலே இருக்கும் கறுப்பு மண் வேண்டாம். அடியில் இருக்கும் மஞ்சள் மண்ணை ஒரு பிடி எடுத்துத் துணிப்பையில் போட்டு, எண் எழுதிக் கட்டவேண்டும். கூடையோடு அந்தப் பக்கம் வந்த தெய்வானை அக்கா நின்று பார்த்தார். "என்னடா, மண்ணுக்குப் பொட்டலம் கட்டுறே? யாருக்குச் சீர் வைக்கப் போறே?" என்றார். தங்கம் கிடைத்தால் என் வாழ்க்கையே மாறிவிடும் என்றேன். "தங்கம் கெடச்சா அவனுக்கு. ஒனக்கு இன்னொரு மண்வெட்டி" என்று சொல்லிவிட்டு நிரைக்குள் போய்விட்டார்.

குழியில் யாரும் விழுந்துவிடக் கூடாது, அடையாளம் வை என்று சர்வேக்காரர் ஒரு சுருள் சிவப்புத் துணியைக் கொடுத்தார். நான் குச்சி வெட்டி, ஒவ்வொரு குச்சியிலும் துணியைக் கட்டி, குழிக்கு ஒன்றாக நட்டேன். திருவிழாவுக்குத் தோரணம் கட்டியதுபோல் இருந்தது.

எங்கள் மலை வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்ததும் மண்டோர் முன்னால் போய், அன்று எந்த நிரையில் கொழுந்து எடுக்க ஆரம்பிக்கவேண்டுமோ அங்கே ஒரு குச்சியில் துணி கட்டி நட்டுவைப்பார். பனியில் பக்கத்தில் நிற்பவள் முகம் தெரியாது. பெண்கள் அந்தத் துணியைத் தேடிக் கண்டுபிடித்து நேராக அதை நோக்கி நடப்பார்கள். கண் துணியில் இருக்கும், கால் தன் பழக்கத்தில் போகும். இது சர்வேக்காரருக்குத் தெரியாது. அந்த லயத்திலேயே பிறந்து, தாயின் கூடையோடு நிரையில் தவழ்ந்த எனக்குத் தெரியும். மஞ்சள் தொப்பிக்குக் கீழே இருந்த மண்டைக்கு அன்று அது நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை காலை. நல்ல பனி. எப்போதும் முதல் ஆளாக நிரைக்குப் போகும் அக்கா அன்றும் முதலில் போனார். துணியைப் பார்த்தார், நடந்தார், குழிக்குள் போனார். அடுத்த குழியில் இருந்த எனக்கு அலறல் கேட்கவில்லை, திட்டுத்தான் கேட்டது. குழி தோண்டியவனின் பரம்பரையை ஏழு தலைமுறைக்குப் பின்னால் போய்த் தேடிப்பிடித்துத் திட்டினார். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து தூக்கினோம். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டார்கள். அது கோணலாகத்தான் கூடியது.

பிறகு ஆபீசில் விசாரணை. துரை, சர்வேக்காரர், அப்போதிருந்த பெரிய கிராணி. என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. சிவப்பு அடையாளம் வைத்தாயா? வைத்தேன் என்றேன். இங்கே கையெழுத்துப் போடு. போட்டேன். பரம்பரை ஜமீன்தார் பட்டயத்தில் போடுவதுபோல் வால் நீட்டிப் போட்டேன். இங்கிலீஷில் இருந்த அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பது சின்னக் கிராணி சொல்லிப் பிறகுதான் தெரிந்தது. எச்சரிக்கை அடையாளம் இருந்தும் தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து. அந்தத் தாளை வைத்துக்கொண்டு, மலையிலேயே வேகமாகக் கொழுந்து பறித்த கையை நிரையிலிருந்து எடுத்து, பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாக் கொட்டகைக்கு அனுப்பினார்கள்.

அக்கா கோல் ஊன்றிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். அன்று திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் பாக்காம வந்தேன்னு எழுதியிருக்கான். பாத்துத்தான்டா வந்தேன். நீ கட்டுன துணியப் பாத்துத்தான் வந்தேன்."

நான் மஞ்சள் தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

"காலு போனது போவுது. அந்தச் சொல்ல எடுக்கச் சொல்லு. நீ போய்ச் சொன்னா எடுப்பான்."

"நாளைக்குப் போறேங்க்கா" என்றேன்.

சர்வே கூட்டம் கிளம்பிப் போனது. அகப்பட்ட தங்கம் ஒரு கொசுவுக்கு மூக்குத்தி செய்யக் காணாது. செம்பு அதன் திருகாணிக்குக் காணாது. குழிகளை மூடாமலே போய்விட்டார்கள். மூடச் சொல்லி அக்கா துரையிடம் போனார். குழிகள் சர்வேக்காரர்களுடையவை, அவர்கள் திரும்பி வரலாம், யாரும் தொடக்கூடாது என்றார் துரை. அக்கா கேட்டதை அங்கே நின்ற எல்லோரும் கேட்டோம்: "தேயில ஒங்களது, மண்ணு ஒங்களது. குழி மட்டும் யாரதுங்க தொரை?"

ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் கொழுந்துக் கூடையில் மண் சுமந்து கொட்டினார்கள். அக்கா கோலோடு ஒவ்வொரு குழி ஓரமும் நின்று மிதிக்கச் சொன்னார். நானும் போய் நாலு ஆள் வேலையைத் தனியாகச் செய்தேன், வியர்வை ஆறாகி பெர்த்தாம் அணைக்கட்டே நிரம்புமளவுக்கு. கடைசிக் குழி மூடிய அன்று என் பக்கம் வந்தார். "மூடினது நல்லதுதான். நான் கேட்டது இது இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு நான் எஸ்டேட்டை விட்டு கியா பார்ம் பக்கம் காய்கறித் தோட்ட வேலைக்கு வந்துவிட்டேன். கோயிலில், பஸ் நிறுத்தத்தில், எங்கே பார்த்தாலும் அக்கா ஒரே வார்த்தைதான் கேட்பார்: "போனியா?" நான் ஒரு கதை அளப்பேன். ஆபீஸ் வாசலில் புலி படுத்திருந்தது என்பேன். துரையின் பேனாவைக் குரங்கு தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது என்பேன். கோலில் சாய்ந்துகொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒவ்வொரு தடவையும் தப்பினேன். எஸ்டேட்டில் இருந்தபோது வேலை போய்விடும் என்ற பயம். வெளியே வந்தபிறகு என்ன பயம்? அந்தச் சொல் தப்பு என்று சொல்லவேண்டுமானால், துணி கட்டியவன் நான் என்றும் சொல்லவேண்டுமே. மஞ்சள் தொப்பிக்காரனுக்கு அது முடியவில்லை. போன தீபாவளிக்குப் பார்த்தபோது கதையை முழுக்கக் கேட்டார், சிரிக்கவில்லை. "நல்லாத்தான் கத சொல்றே. ஒரு வரி நெசம் சொல்ல வரமாட்டேங்குதே" என்றார்.

காரியம் முடிந்த மறுநாள் ஆபீசுக்குப் போனேன். மாலையோடு வந்த அதே கிராணி. பழைய பைல், ஆளே போயாச்சு, இப்போ மாற்றி என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். அமைதியே உருவானவர் என்று பேச வந்தவருக்கு ஒரு சொல்லை அடிக்கப் பேனா இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன், இதில் அளப்பு இல்லை. குழியைத் தோண்டியவன் நான். கொழுந்துக்காரிகள் துணியை நோக்கித்தான் நடப்பார்கள் என்று தெரிந்தும் துணியைக் கட்டியவன் நான். தெய்வானை அக்கா கவனமாகத்தான் வந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய அந்த ஒரு கேள்விதான். திங்கட்கிழமைதோறும் ஆபீஸ் மேசையில் கையூன்றி நின்று கிராணியிடம் அதைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன்: "எடுத்தாச்சா?" இந்தத் திங்கள், "நாளைக்குப் பாப்போம் மாமா" என்றார். நான் நகரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.