நின்றே கிடக்கும் காற்றாலைகள்

சின்னக் காற்றாலை வைத்துக் கொடுப்பவனுக்கு வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்தால், ஒன்று அது சுற்றவில்லை, இல்லை நிற்கவில்லை. மோட்டார், இன்வர்ட்டர் என்று எதையாவது விற்றுவிட்டு ரிப்பேருக்கு ஓடும் உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

நான் திருநெல்வேலிக்காரன். வேலை திருவனந்தபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில். ஆரல்வாய்மொழியில் ரோட்டோரம் பார்க்கிறீர்களே, அந்த ராட்சத வகை இல்லை நாங்கள் செய்வது. நட்டுவைத்த தண்டைச் சுற்றி குடை ராட்டினம் போல ஓடும் சிறிய வகை. எந்தப் பக்கக் காற்றுக்கும் சுற்றும் என்று சொல்லித்தான் விற்போம்.

மூன்று பிளேடு

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில், மேல்மாடி ஃப்ளாட்டில் இருந்த சுப்பிரமணியம் ஆசைப்பட்டு ஆர்டர் கொடுத்தார். பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மெல்லிய பிளேடு மூன்று வைத்தோம். வேகம் பிடித்துவிட்டால் நன்றாகக் கரண்ட் தரும். ஆனால் நின்றுவிட்டால் தானாகக் கிளம்பாது. சுற்றிலும் உயரமான கட்டடங்கள் வேறு; வருகிற காற்றும் சிதறித்தான் வந்தது. பிளேடை அகலமாக்கிப் பார்த்தோம். கொஞ்சம் சுலபமாகக் கிளம்பியது, வேகம் போய்விட்டது.

இதற்கிடையில் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் நடையும் போயின. சாயங்காலம் மகள் மீனாட்சி அவரை நாற்காலியோடு மொட்டைமாடிக்குத் தள்ளிக்கொண்டு வருவாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் போனபோது, அவரை உள்ளேயே விட்டுவிட்டு, அவள் தனியாக நின்று பிளேடைக் கையால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்கோ சார். தானா சுத்தறதுன்னே நினைச்சுண்டிருக்கார்."

பிளந்த டிரம்

தானாகக் கிளம்பாததுதானே குறை என்று எங்கள் முதலாளி சசிதரன் நேர் எதிர்க் கோடிக்குப் போனார். டிரம்மை இரண்டாகப் பிளந்து எதிரும் புதிருமாக வைக்கும் வகை. லேசாகக் காற்று தொட்டாலே நகரும். பொன்முடி மலையடிவாரத்தில், கல்லாறில் டீக்கடை வைத்திருந்த தக்கலைக்காரர் செல்லப்பனுக்கு அதைக் கொடுத்தோம். இருட்டிய பிறகும் விளக்கு எரிந்து கடை திறந்திருந்தால் பொன்முடியில் இருந்து இறங்கி வருகிறவர்கள் நிற்பார்கள் என்பது அவர் கணக்கு.

டிரம் சுற்றியது. ஆனால் ஒரு பாதி காற்றை வாங்கும்போது மறு பாதி அதே காற்றை எதிர்த்துத் தள்ள வேண்டும். அதனால் வேகமே எடுக்காது. பாட்டரி பாதிகூட நிறையவில்லை. பல்பு கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு அணைந்துவிடும். வந்தவர்கள் டிரம்மோடு போட்டோ எடுத்துக்கொண்டு, டீ குடிக்காமல் போனார்கள். செல்லப்பன் ஷட்டரை இழுத்தபடியே சொன்னார்:

"நாள் முழுக்க அதுவும் சுத்துது, நானும் சுத்துதேன். ரெண்டு பேராலயும் பிரயோஜனம் இல்ல, கேட்டியளா."

மெல்லிய கை

பொன்முடி தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் மட்டும் எல்லாம் சரியாக அமைந்தது. மழைக்காலத்தில் அங்கே கரண்ட் போனால் வர நாளாகும். போன் செத்துவிட்டால் ஜீப்பைக் கூப்பிட வழியில்லை. கொழுந்து கிள்ளும் செல்வியின் மகள் நிறைமாதம். உள்ளே கிளப்பிவிட டிரம், வெளியே வேகத்துக்கு பிளேடு என்று இரண்டையும் சேர்த்து செல்வி வீட்டை ஒட்டி நட்டோம். லயத்துக்கே அங்கேதான் போன் சார்ஜ்.

சசிதரனுக்கு அது போதவில்லை. பிளேடைத் தண்டோடு பிடித்திருக்கும் கைகள் தடிமன், அவையே காற்றைக் கலக்கிப் பாதி சக்தியைத் தின்றுவிடுகின்றன என்றார். அதுவும் உண்மைதான். மெல்லிய கைகள் மாட்டச் சொன்னார். "இங்கே அடிக்கிற காற்றுக்கு பிரேக்காவது வைக்கணும் சார்" என்றேன். "அடுத்த தடவை நோக்காம்டோ" என்று மலையாளத்தில் தள்ளிப்போட்டார். கரண்ட் கூடத்தான் செய்தது. பிறகு ஒரு மத்தியானம் காற்றும் மழையுமாக அடித்ததில் கை முறிந்து, பிளேடு கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு கட்டிலில் விழுந்தது. மகள் அப்போதுதான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போயிருந்தாள்.

அன்றே மகளை மலைக்குக் கீழே விதுரையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கழற்றப் போன எனக்கு ஏச்சு நிச்சயம் என்றுதான் நினைத்தேன். செல்வி கூரை ஓட்டையைப் பார்த்தபடி நின்றாள். கத்தவில்லை.

"இருந்த கரண்டே போதுமாயிருந்துச்சே சார். கூட வேணும்னு யாரு கேட்டா?"

முறுக்கிய பிளேடு

அதிர்வு குறையட்டும் என்று கடைசியாக பிளேடைக் கயிறு போல முறுக்கினோம். ஒரே சீராக, சத்தமில்லாமல் சுற்றியது. ஆனால் விலையும் ஏறிவிட்டது; கேட்ட வீட்டுக்காரர்கள் யாரும் திரும்பி வரவில்லை. ஹோட்டல்காரர் ஒருவர்தான் தோட்டத்தில் வைக்க வாங்கினார். நான் வயர் இழுக்கக் குழி எங்கே தோண்டலாம் என்று கேட்டேன்.

"கரண்டொண்ணும் வேண்டா சாரே. பாக்க அழகா இருக்கு, அது மதி, போதும்."

எங்கள் கம்பெனி செய்ததிலேயே இன்றுவரை புகார் வராத ஒரே காற்றாலை, வயரே இல்லாத அதுதான்.