கடைசியாக இறங்குகிறவர்கள்

யார் மீதாவது கோபம் வந்தால் டோரதி வாய் திறந்து திட்டியதில்லை. ஆபீஸ் வண்டியில் அவர்களைக் கடைசியாக இறங்க வைத்துவிடுவாள்.

ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனி. மாலையில் யாரை எந்த வண்டியில் ஏற்றுவது, எந்த வரிசையில் இறக்குவது என்று முடிவு செய்வதுதான் அவள் வேலை. பெங்களூரு நெரிசலில் முதலில் இறங்குகிறவர் காப்பி குடித்து, குளித்து, சீரியலில் வரும் மாமியாரைத் திட்டியும் முடித்திருப்பார். கடைசி ஆள் இன்னும் ஏதோ ஒரு சிக்னலில் இருப்பார். அவளிடம் வாயாடிய ஒருவர் மழுமழுவென்று சவரம் செய்த முகத்தோடு ஏறி, தாடியோடு இறங்கினாராம். அவர் வீட்டு நாயே அவரைக் குரைத்து விரட்டிவிட்டது.

முன்பு அவள் இப்படி இல்லை. முறை வைத்து ஒவ்வொரு நாளும் ஒருவரை முதலில் இறக்குவாள். கர்ப்பிணி, காய்ச்சல்காரர் என்றால் கேட்காமலே முதல் ஆள். அவளுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அதைவிட, அதைப் பார்த்து நாலு பேர் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் பதவி அவளுக்குத்தான் என்றிருந்தபோது, புதிதாக வந்த தருணுக்குப் போயிற்று. அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்கிற பொறுப்பு மட்டும் இவளுக்கு வந்தது. அன்று அவளுக்குள் என்னவோ புளித்துப்போனது. வரிசையைப் பற்றி யார் கேட்டாலும், "நான் என்னம்மா பண்றது? சாஃப்ட்வேர் அப்படிப் போடுது" என்பாள்.

சில மாதங்களாகக் கடைசி ஆள் அக்கவுண்ட்ஸ் சௌம்யா. காலையில் டோரதியைக் கண்டும் காணாமல் போவதுதான் அவள் செய்த குற்றம். வண்டி ஆஸ்டின் டவுனில் டோரதியை இறக்கிவிட்டு, சிவாஜிநகர் கூட்டத்தில் நீந்தி, பிரேசர் டவுனில் சௌம்யாவைக் கரை சேர்க்கும்.

ஒரு மதியம் சௌம்யா டோரதியின் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, நான் வேலைய விடப்போறேன். வீட்டுக்குப் போறதுக்குள்ள பாப்பா தூங்கிடுது. ஞாயித்துக்கிழமை என்னைப் பாத்தா யாரோன்னு அழுவுது. உங்க மேல தப்பில்ல, சாஃப்ட்வேர்தானே."

குழந்தை இருப்பதே டோரதிக்குத் தெரியாது. தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"சாஃப்ட்வேர் இல்ல, சௌம்யா. நான்தான் மாத்தி வெச்சேன்."

"ஏன்க்கா? நான் உங்கள என்ன பண்ணேன்?"

"காலைல பாத்தும் பாக்காத மாதிரி போற."

"ஆமா, போறேன். குட் மார்னிங் சொன்னா கடிக்கிற மாதிரி பாக்குறீங்க. தருண் மேல கோவம்னா அவன ஓசூர் சுத்தி அனுப்புங்க. என் பாப்பா என்ன பண்ணுச்சு?"

டோரதிக்குக் காது வரை சுட்டது. "இன்னைக்கு ராஜினாமா அனுப்பாதம்மா."

"அனுப்பல. ஆனா தருண்கிட்ட நீங்களே சொல்லணும்."

சொன்னாள். தான் வேலை சொல்லிக்கொடுத்த பையன் முன்னால் கைகட்டி நின்று சொன்னாள். அவன் தரையைப் பார்த்தபடி, "இனிமே ரூட்ட நான் பாத்த பிறகுதான் வண்டி போகணும், மேடம்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அன்று வண்டி முதலில் பிரேசர் டவுனுக்குப் போயிற்று.

"என்ன மேடம், இன்னிக்கு உல்டாவா?" என்றார் டிரைவர் உத்தமன்.

"உல்டாவே போங்க."

வெயில் இன்னும் மிச்சமிருந்தது. வாசலில் கணவன் இடுப்பிலிருந்த குழந்தை சௌம்யாவை உற்றுப் பார்த்தது, யோசித்தது, பிறகு அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டது.

சௌம்யா திரும்பினாள். சிரிக்கவில்லை. "நாளைக்கு என் இடத்துல வேற யாரையும் மாட்டி விடாதீங்கக்கா."

"இல்லம்மா. எல்லாருக்கும் முறை. எனக்கும்தான்."

சிவாஜிநகரில் முன்னால் ஒரு பஸ் நின்றிருந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. டோரதி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.