கூட இருப்பது யார்?

"டாக்டர் உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னபோது, எந்த ஆஸ்பத்திரி என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று தெரியுமா?"

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஆவடி, பூந்தமல்லிப் பக்கமெல்லாம் வீடு வீடாக அலைவதுதான் என் வேலை. நோயாளிகளின் விழிப்புணர்வை அளக்கிறோம் என்று ஆபீசில் பெருமையாகச் சொல்வார்கள். தெரியும், தெரியாது என்று இரண்டு கட்டம். தெரியும் என்றால், தேர்ந்தெடுத்த காரணத்துக்குத் தூரம், டாக்டர், வசதி என்று இன்னும் மூன்று கட்டம்.

குமணன்சாவடியில் ஓர் அக்கா, ஆபரேஷன் முடிந்த கணவரை அப்போதுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"இன்னா மேடம், தேர்ந்தெடுக்குறதா? எங்க நாத்தனா ஊடு எந்த ஆஸ்பத்திரியாண்ட கீதோ, அங்க இட்டுகினு போனோம். கஞ்சி எத்துகினு வர ஒரு ஆளு வாணாவா?"

என் தாளில் நாத்தனாருக்குக் கட்டம் இல்லை. 'தெரியாது' என்பதில் டிக் அடித்தேன். எத்தனை சொன்னாலும் இவர்கள் மண்டையில் ஏறாது என்று அலுத்தும் கொண்டேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

கிளம்பும்போது அவர், "உனுக்கு இங்க யாரு கீறா?" என்றார். கேள்வி கேட்பது நான்தான் என்று சொல்லி மழுப்பினேன்.

சில மாதங்களில் எனக்கே பித்தப்பையில் கல். சேக்காட்டில் என் ஃபிளாட்டுக்குப் பக்கத்து டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, "ஆபரேஷனை எங்க வேணும்னாலும் பண்ணிக்கோங்க, உங்க இஷ்டம். தள்ளி மட்டும் போடாதீங்க" என்றார். எனக்கா தெரியாது? வேலப்பன்சாவடி வரைக்கும் விசாரித்து, இருப்பதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

அங்கே வரவேற்பில் இருந்த பெண் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "கூட இருக்கறது யாரு மேடம்? ஆள் இல்லாம அட்மிஷன் போட மாட்டாங்க."

தூத்துக்குடியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். லீவு கிடைக்காது என்றான். மூன்று வருடமாகச் சேக்காட்டில் இருக்கிறேன், எதிர் ஃபிளாட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாது. அந்தப் பெண் முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு நின்றது அவமானமாக இருந்தது.

படிவத்தை மடித்துப் பையில் வைத்து, குமணன்சாவடிக்குப் பஸ் ஏறினேன். கதவைத் திறந்த அக்காவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"இன்னா மேடம், மறுபடியும் கேள்வியா?"

"ஆமாக்கா. இந்தத் தடவை ஒண்ணே ஒண்ணுதான்" என்றேன். அதைக் கேட்பதற்குள் அழுதுவிட்டேன்.