கேன் தண்ணீருக்கு அலறாத அலாரம்

போன வாரம் செல்லோ டேப் வாங்கப் போனேன். சால்டரிங் அயர்னோடு திரும்பி வந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் எனக்கு எழுத வராது. இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது பழகியிருக்கும்.

திருவரங்குளத்தில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜெசிந்தாவின் பேன்சி ஸ்டோர் இருக்கிறது. வளையல், ஸ்டிக்கர் பொட்டு, ஸ்கூல் நோட்டு, பிறந்தநாள் பலூன் என்று எல்லாம் கிடைக்கும். அன்றைக்கு ஹேர் கிளிப்புக்கும் ஜாமெட்ரி பாக்ஸுக்கும் நடுவே ஒரு ரேக்கில் புதிதாகச் சில பாக்கெட்டுகள் தொங்கின. எடுத்துப் பார்த்தேன். சின்னதாக ஒரு பச்சை போர்டு, கலர் கலராகக் கோடு போட்ட ரெசிஸ்டர்கள், ஒரு டிரான்சிஸ்டர், சத்தம் போடும் பஸ்ஸர் ஒன்று, மடித்து வைத்த ஒரு வரைபடம்.

எலெக்ட்ரானிக்ஸ் கிட்! பாகங்களைத் தனித்தனியாகக் கொடுத்துவிடுவார்கள். நாம்தான் ஈயம் உருக்கிப் பற்றவைத்துச் சேர்க்க வேண்டும். கை தட்டினால் எரியும் விளக்கு, எஃப்.எம். ரேடியோ, தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம்...

கொஞ்ச காலமாக இதெல்லாம் ஆன்லைனில் மட்டும்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. பேன்சி ஸ்டோரில் எப்படி?

"நான்தான் வரவழைச்சேன் அக்கா" என்றார் ஜெசிந்தா. "நான் டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ். ஒங்களுக்குத் தெரியாதுல்ல? இங்க யாருக்குமே தெரியாது. படிச்சு முடிச்சுட்டுப் பொட்டு விக்கிறேன். இந்தக் கடையில நான் படிச்சதுக்குன்னு இருக்கிற ஒரே இடம் இந்த ரேக்குதான்."

"போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுமே?"

"வரும். வந்து பெட்டியோட பரணுக்கு ஏறிரும். பாதியில எங்கயாவது முட்டிக்கிச்சுன்னா யாருகிட்டப் போயிக் கேப்பாங்க? இங்கன்னா என்கிட்டக் கேக்கலாம்ல."

நியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டு மாடித் தொட்டி வாரத்தில் பாதி நாள் வழிந்து தெருவை நனைக்கிறது. அலாரம் கிட் ஒன்றும் ஈயம் உருக்க சால்டரிங் அயர்ன் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். செல்லோ டேப்பை மறந்துவிட்டேன்.

எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் ஒழுங்காக அடுக்கத் தெரியும். மறுநாள் சாயங்காலம் இட்லித் தட்டை எடுத்து ஒவ்வொரு குழியிலும் ஒரு வகைப் பாகத்தைப் போட்டேன். ரெசிஸ்டருக்கு ஒரு குழி, டிரான்சிஸ்டருக்கு ஒரு குழி. வரைபடத்தில் ஒன்றைப் பார்ப்பது, குழியிலிருந்து எடுப்பது, பற்றவைப்பது, பென்சிலால் டிக் அடிப்பது. குழிகள் காலியானால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

என் கணவர் வாசற்படியில் நின்று பார்த்தார்.

"நாளைக்கு இட்லியில ரெசிஸ்டர் வந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல."

"வந்தால் எடுத்து வையுங்கள். ஒன்று கூடுதலாகவே கொடுத்திருக்கிறார்கள்" என்றேன்.

முடித்ததும் இரண்டு ஒயர் முனைகளையும் பாத்ரூம் பக்கெட்டில் விட்டேன். அது போட்ட சத்தத்தில் கணவர் கையிலிருந்த காபி சட்டைக்குப் போய்விட்டது. சட்டை பாழானாலும் எனக்கு அன்று ஏற்பட்ட திருப்தியை இங்கே எழுதத்தான் வேண்டும். கொஞ்ச காலமாக நான் செய்கிற வேலைகள் எதுவும் இப்படி உடனே பதில் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை, மறந்துபோன செல்லோ டேப்புக்காக மறுபடியும் போனேன். கடையில் பேச்சு சூடாக இருந்தது.

ஜெசிந்தாவின் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். கடையில் பாதிப் பங்கு கணவரின் தம்பி அருளுக்கு. சரக்கு எடுத்து வருவது அவர் பொறுப்பு. அந்த ரேக்கில் மொபைல் கவர் தொங்கவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கவர் விற்கும், கிட் விற்காது என்பது அவர் கணக்கு. இப்போது அதற்குத் தோதாக இரண்டு புகார்கள் வந்திருந்தன. தோட்டக்காரர் பெரியசாமி வாங்கிப்போன அலாரம் கத்தவில்லை. தமிழரசி டீச்சர் வாங்கியதும் கத்தவில்லை.

"அண்ணி, தொட்டி வழிஞ்சா தெருவுல போறவன் கத்துவான். அதுக்கு மேல என்ன அலாரம்?" என்றார் அருள்.

"தெருவுல போறவருக்கு பேட்டரி மாத்த முடியாது தம்பி" என்றார் ஜெசிந்தா.

"வெளையாடாதீங்க. ரெண்டு பேரு திருப்பிட்டாங்க. இப்படியே போச்சுன்னா நோட்டு வாங்கக்கூட வர மாட்டாங்க."

"ஞாயித்துக்கெழமை சர்ச் விட்டதும் கடை வாசல்ல வச்சுச் செஞ்சு காட்டுறேன். அந்த ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கேன்."

"கத்தலேன்னா?"

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்தார். "கத்தலேன்னா ரேக்கை நீங்களே எடுத்துக்கங்க. திங்கக்கெழமை கவர் ஸ்டாண்டைக் கொண்டாந்து மாட்டுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அருள் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க சாட்சி."

எதற்கு வாய் திறந்தேன் என்று தெரியவில்லை. "என்னுடையது நன்றாகக் கத்துகிறது. அதையே கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு பெண் படித்த படிப்பு ஒரு ரேக் அகலத்துக்கு நிற்கிறது. அதையும் மொபைல் கவருக்குக் கொடுப்பதா?

ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் ஒரு மேஜை. அதில் வெள்ளைத் துணி. துணியின் மேல் பெரிய கண்ணாடி ஜாடி. தண்ணீர் ஏறுவது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக ஜெசிந்தா வீட்டிலிருந்து எடுத்து வந்தது. பெரியசாமி அண்ணன் வந்துவிட்டார். டீச்சர் வந்துவிட்டார். சர்ச்சிலிருந்து வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், வேடிக்கை பார்க்கவே வந்தவர்கள் என்று நல்ல கூட்டம்.

என் அலாரத்தின் ஒயர்களை ஜாடிக்குள் தொங்கவிட்டார் ஜெசிந்தா. தண்ணீரை மெதுவாக ஊற்றினார். தண்ணீர் ஏறியது. ஒயரைத் தொட்டது. ஒயரை மூழ்கடித்தது.

சத்தம் இல்லை.

"என்னுதும் இப்படித்தாம்மா. அப்படியே ஊமையா ஒக்காந்துருந்துச்சு" என்றார் பெரியசாமி அண்ணன். குரலில் ஒரு நிம்மதி. தப்பு தன்னுடையது இல்லை என்று தெரிந்தால் யாருக்குத்தான் நிம்மதி வராது?

அருள் வெற்றிச் சிரிப்பு எதுவும் சிரிக்கவில்லை. போனை எடுத்து, "ஸ்டாண்டு நாளைக்குக் காலையில வேணும்ப்பா" என்று யாரிடமோ சொல்ல ஆரம்பித்துவிட்டார். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

நான் சோதிக்க ஆரம்பித்தேன். பேட்டரி? அதே பேட்டரி. ஒயர்? அதே ஒயர். பற்றவைத்த இடம் ஏதாவது விட்டிருக்கிறதா? இல்லை. வீட்டில் கத்தியது, இங்கே கத்தவில்லை. பஸ்ஸில் குலுங்கியதில் ஏதாவது ஆகியிருக்குமோ? போர்டைக் காதருகே கொண்டு போனேன்.

கொசு மாதிரி ஒரு முனகல்.

"ஜெசி, இது ஏதோ முனகுகிறது."

வாங்கித் தானும் காதில் வைத்தார். முகம் மாறியது. "செத்த சர்க்யூட் மொனங்காது அக்கா. இதுக்கு உசுரு இருக்கு. கரண்ட் போகுது... ஆனா பத்தல. நீங்க வீட்ல எதுல முக்கிப் பாத்தீங்க?"

"பாத்ரூம் பக்கெட்டில்."

"என்ன தண்ணி?"

"போர் தண்ணீர்தான். வேறென்ன?"

ஜெசிந்தா ஜாடியைப் பார்த்தார். பிறகு, கடைக்குள் கவிழ்த்து வைத்திருந்த கேனைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். நாலு பேர் வரும் இடத்தில் மேஜையில் ஜாடி வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறோம் என்றால் போர் தண்ணீரையா ஊற்றுவோம்? எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைக் கொடுக்க மாட்டோம். கேன் தண்ணீர்தான் மரியாதை. அதனால் ஜெசிந்தா மரியாதையாக, சுத்தமாக, கேன் தண்ணீரை ஊற்றியிருந்தார்.

இந்த அலாரத்துக்கு மரியாதை தெரியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வழியாகத்தான் இரண்டு ஒயருக்கும் நடுவே கரண்ட் ஓடும். கேன் தண்ணீரில் உப்பை வடிகட்டியே எடுத்துவிடுகிறார்கள். கரண்ட் ஓடுவதற்கு வழி ரொம்பக் குறைவு.

"அண்ணே, நீங்க எதுல முக்குனீங்க?" என்று பெரியசாமியிடம் கேட்டார் ஜெசிந்தா.

"கேன் தண்ணிலதான். புதுச் சாமான், நல்ல தண்ணியில பாப்போமேன்னு ஒரு டம்ளர்ல எடுத்தேன்."

"நானும் அதேதான். கெட்டுப்போயிரக் கூடாதுன்னு" என்றார் டீச்சர்.

ஆக, ஊரே சேர்ந்து உபசாரம் செய்திருக்கிறது.

கடைக்குப் பின்னால் இருந்த குழாயில் ஜெசிந்தா ஒரு பக்கெட் பிடித்து வந்தார். வெள்ளைத் துணியை எடுத்துவிட்டு, பெயின்ட் ஒட்டிய அந்தப் பழைய பக்கெட்டை அப்படியே மேஜைமேல் வைத்தார். ஒயரை விட்டார்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"யாத்தே. இம்புட்டு உப்புத் தண்ணியிலயா நாம குளிக்கிறோம்?" என்றார் கூட்டத்தில் ஒரு அம்மாள்.

"டிப்ளமோவுல மொத வருசப் பாடம் அக்கா இது" என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார் ஜெசிந்தா. "எங்க சாரு இப்ப இங்க இருந்தா என்னையத் திரும்பவும் மொத பெஞ்சுல ஒக்கார வச்சிருப்பாரு."

பெரியசாமி அண்ணனின் அலாரமும் கத்தியது. அவர் அதை இரண்டு மூன்று முறை முக்கி முக்கி எடுத்தார். போதும் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

டீச்சருடையது கத்தவில்லை.

அருள் போனைக் காதிலிருந்து எடுத்தார். "அது ஏன் கத்தல?"

கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. ஒன்று கத்தாவிட்டால் பரவாயில்லை என்று விட்டிருக்கலாம். ஜெசிந்தா விடவில்லை. "டீச்சர், இங்கிட்டு வந்து ஒக்காருங்க" என்று ஸ்டூலைப் போட்டார். போர்டைத் திருப்பிப் பார்த்தார். டிரான்சிஸ்டரை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் பற்றவைத்திருந்தார் டீச்சர்.

"மூணு காலும் ஒண்ணு போலத்தான இருக்கு?" என்று கேட்டார் டீச்சர், கொஞ்சம் கோபமாகவே.

"காலு ஒண்ணு போலத்தான் டீச்சர். மூஞ்சியப் பாருங்க. தட்டையா இருக்கிற பக்கம் படத்துல எங்கிட்டுப் பாக்குதோ, இதுவும் அங்கிட்டுத்தான் பாக்கணும்."

சால்டரிங் அயர்ன் சூடானது. பழைய ஈயத்தை உருக்கி எடுப்பது பற்றவைப்பதைவிடக் கஷ்டம். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நடுவில் ஒருமுறை ஜெசிந்தாவின் விரலில் சுட்டது. விரலைப் பக்கெட்டில் நனைத்துக்கொண்டு தொடர்ந்தார். "விடும்மா, வேற ஒண்ணு கொடு, போயிர்றேன்" என்றார் டீச்சர். ஜெசிந்தா தலையை நிமிர்த்தவில்லை.

"வேற ஒண்ணு கொடுத்தா இது ஏன் கத்தலங்கிறது ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருங்க."

இருந்தோம். டீச்சரோடு நானும் இருந்தேன். வீட்டில் சமையல் காத்திருந்தது. அருளும் போகாமல் நின்றார்.

அது கத்தியபோது கைதட்ட ஆள் இல்லை. நாங்கள் நாலு பேர்தான். டீச்சர் போர்டை வாங்கி, டிரான்சிஸ்டரின் தட்டையான முகத்தைத் தன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அருள் யாருக்கோ போன் போட்டார். "ஸ்டாண்டு வேணாம்ப்பா... இல்ல, அப்புறமும் வேணாம்." பிறகு அண்ணியிடம், "கடை வாசல்ல ஒரு கயிறு கட்டி கவரைத் தொங்க விட்டுக்கிறேன். வெயில்ல வெளுத்தா நீங்கதான் பொறுப்பு" என்றார்.

"வெளுத்தா வெள்ளைக் கவருன்னு விப்போம் தம்பி" என்றார் ஜெசிந்தா.

திங்கள்கிழமை ரேக் அதே இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒரு பக்கெட் போர் தண்ணீர். 'டெஸ்ட் செய்ய மட்டும், கை கழுவக் கூடாது' என்று ஒரு சீட்டு. கிட் வாங்குகிறவர்கள் வீட்டில் செய்து எடுத்து வந்து இங்கேயே முக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆன்லைன் வியாபாரத்தை நான் குறை சொல்லப் போவதில்லை. நானும் வாங்குகிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அதில் இந்த அலாரத்தை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேன் தண்ணீரில் முக்கியிருப்போம். 'வேலை செய்யவில்லை' என்று ஒரு ஸ்டார் போட்டிருப்போம். ரிட்டர்ன் பட்டனை அழுத்தியிருப்போம். நல்ல பொருள் ஒன்று கெட்ட பெயரோடு திரும்பிப் போயிருக்கும். நம் தண்ணீரைப் பற்றியும் நமக்குத் தெரிந்திருக்காது. பணம் திரும்பி வந்துவிடும். காரணம் வராது.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் ஜெசிந்தா கூப்பிட்டார். பெரியசாமி அண்ணன் மறுபடியும் புகாரோடு வந்திருக்கிறாராம். அலாரம் நன்றாகத்தான் கத்துகிறது. சத்தம் கேட்டு, தன் தொட்டிதான் நிரம்பிவிட்டது என்று, அதே அலாரத்தை வாங்கி மாட்டியிருக்கிற அடுத்த வீட்டுக்காரரும் ஓடி ஓடி மோட்டாரை நிறுத்துகிறாராம். அவர் தொட்டி நிரம்புவதே இல்லையாம். இரண்டு வீட்டுக்கும் சண்டை.

"என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றேன்.

"பஸ்ஸரை மாத்தி வேற சத்தம் வர்ற மாதிரி செஞ்சுக்கிட்டு இருக்கேன் அக்கா. அண்ணன் ஸ்டூல்ல ஒக்காந்துருக்காரு. சண்டை போட்டவரும் கூடவே வந்து நிக்கிறாரு."

புகார் நடந்து வருகிற தூரத்தில் இருந்தால்தான் அதற்குக் கடை என்று பெயர்.